செர்வர் படுத்துக்கொள்ளும் நாட்கள்

1

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் கைப்பேசி அதிர்ந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தம்பி முத்துக்குமாராகத்தான் இருக்கும். ராஜபாளையத்தில் அப்போது விளக்கேற்றுகிற நேரம். இங்கே ஹானோவரில் ஆபீஸ் கேன்டீன் தட்டில் அவித்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கும்.

"அக்கா, மறுபடியும் படுத்துருச்சுக்கா."

"லைட் எரியுதா பாருலே."

"எரியல. அப்படியே கெடக்கு."

எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஜெர்மன் தோழிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். ஊரில் எனக்கு வேண்டிய யாரோ அடிக்கடி மயங்கி விழுகிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்து, ஒருநாள் பரிவோடு கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லையம்மா, செர்வர்தான் படுத்துக்கொண்டது என்று நம் பேச்சை அப்படியே ஜெர்மனில் சொல்லிவைத்தேன். இயந்திரம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்கிற மாதிரி அவள் காதில் விழுந்திருக்கிறது. அந்த வாரக் கூட்டத்தில் ஆபீஸே சிரித்தது. வந்து எத்தனையோ வருஷமாகியும் அவசரத்தில் எனக்கு வாயில் வருவது ராஜபாளையம்தான்.

தம்பி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறான். தறி ஷெட் ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கிறது. குடோனும் பில் போடுகிற இடமும் ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கு வைத்திருப்பது ஷெட் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரே ஒரு கறுப்புப் பெட்டி. அதை வாங்கி, டேட்டாபேஸ் அமைத்து, இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வது நான். எனக்கு இங்கே சம்பளம் தருகிற வேலையும் அதேதான். தம்பி அக்காவுக்குச் சீர் செய்வது வழக்கம். எங்கள் வீட்டில் தலைகீழ்.

அந்தப் பெட்டி படுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பில் ஓடாது. எந்தத் துணி எந்தத் தறியில் எப்போது நெய்தது என்ற லாட் நம்பர் பில்லில் இல்லாமல் மருத்துவமனைக்காரர்கள் சரக்கை இறக்கவிட மாட்டார்கள். லாரி ரோட்டில் நிற்கும். டிரைவர் ஆரன் அடிப்பான். தம்பி எனக்குப் போன் அடிப்பான்.

2

முதல் தடவை படுத்ததற்குக் காரணம் இருந்தது. கோடை மழை, இடி, கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி அன்றைக்கென்று பார்த்துக் கையை விரித்துவிட்டது. புது பேட்டரி போட்டோம். சனியன் விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் மறுபடி படுத்தது. பிறகு இன்னொரு தடவை. இப்போது கரண்ட் இருந்தது, பேட்டரி இருந்தது, காரணம் மட்டும் இல்லை.

நான் சும்மா விடுகிறவள் இல்லை. மெமரியைச் சோதித்தேன். டிஸ்க்கைச் சோதித்தேன். தறிப் பஞ்சு உள்ளே போய்ச் சூடேறுகிறதா என்று சோதித்தேன். வெளியிலிருந்து எவனாவது நுழைகிறானா என்று தேடினேன். ஒரு இயந்திரம் தானாக விழுந்தால் விழுவதற்கு முன்னால் முனகும். லாக் என்கிற தன் நாட்குறிப்பில் ஏதாவது எச்சரிக்கை எழுதிவிட்டுத்தான் சாகும். இது பாதி வரி எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றிருந்தது. பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தின மாதிரி.

பொத்துவதற்கு ஒரு கை வேண்டுமே.

படுத்த தேதிகளையெல்லாம் போட்டு வைத்துக்கொண்டு கிழமை பார்த்தேன். ஒரு தடவை புதன், ஒரு தடவை ஞாயிறு, ஒரு தடவை வெள்ளி. இங்கே எல்லாவற்றுக்கும் வார எண் சொல்வார்கள். பள்ளிக்கூடக் கடிதத்திலிருந்து குப்பை வண்டி வருகிற நாள் வரைக்கும் இத்தனையாவது வாரம் என்றுதான் பேச்சு. அந்தக் கணக்கிலும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நேரம் மட்டும் ஒன்றாகவே இருந்தது, எப்போதும் சாயங்காலம். இயந்திரத்துக்குச் சாயங்காலம் ஏது? மனுஷனுக்குத்தான் உண்டு.

சந்தேகப்படுகிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் பிளாஸ்டிக் மட்டும் போட வேண்டிய மஞ்சள் தொட்டியில் யார் தப்பான குப்பையைப் போட்டாலும் கீழ்வீட்டு அம்மாள் முதலில் அழுத்துவது என் வீட்டு மணியைத்தான். சிரித்த முகத்தோடு, "நீங்களாக இருக்காது, இருந்தாலும் கேட்கிறேன்" என்பாள். கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் தமிழில் திட்டுவேன். அவள் காதில் விழாது என்பது ஒரு வசதி.

3

ஷெட் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் ஜெபராஜ். ஆலங்குளத்துக்காரர், எம்.சி.ஏ. படித்தவர், வாய் அதிகம். செர்வர் படுத்தால் எழுப்புகிறவரும் அவர்தான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், கம்ப்யூட்டர் சம்பந்தமாக என்னோடு பேசுகிற பேச்சில் பாதி கிண்டலாக இருக்கும். "அக்கா, ஜெர்மனில குளிருன்னு நீங்க அங்க இருந்து தட்டுற கமாண்டு விறைச்சுப் போய் வருது" என்பார். போன வருஷம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் இனியாவை ஸ்கூட்டரில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போய்ப் பால்கோவா வாங்கித் தந்தவர். சமீபத்தில் கல்யாணமாகி, மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

சாயங்காலம், கை, இயந்திரம் தெரிந்த ஆள். இந்த மூன்றையும் கூட்டினால் எனக்கு ஒரே ஒரு முகம்தான் வந்தது. அவர் சம்பளம் கூட்டிக் கேட்டதைத் தம்பி தள்ளிப்போட்டது ஞாபகம் வந்தது. தான் இல்லாவிட்டால் பெட்டி எழும்பாது என்று காட்டுகிறாரோ?

"ஏலே, யாராவது மெஷினைத் தொட்டீங்களான்னு எல்லாரையும் கேளு."

"கேட்டாச்சுக்கா. ஒருத்தரும் தொடல. நானே அத நோண்டுறதில்ல, எனக்கு எதுக்கு அது."

"ஜெபராஜ்?"

"அவன் நல்ல பையன்க்கா" என்றான். நல்ல பையன் என்று சொன்ன குரலிலேயே அது பாதி ஆட்டம் கண்டிருந்தது.

கேமரா வைக்கச் சொன்னேன். பல்பு மாதிரி இருக்கும் சின்னக் கேமரா. யாருக்கும் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை தம்பியே ஏணி போட்டு மாட்டினான். நான் இங்கிருந்து கைப்பேசியில் பார்த்து, இன்னும் இடது, இன்னும் கீழே என்று திருப்பச் சொன்னேன். ஜெபராஜின் நாற்காலி, மேஜை, கீபோர்டில் அவர் விரல்கள் விழும் இடம், எல்லாம் தெளிவாக வந்ததும் போதும் என்றேன்.

இங்கே என் ஆபீஸில் ஒருவருக்குத் தெரியாமல் அவர் மேஜைக்கு மேல் கேமரா வைத்துவிட முடியாது. சமையலறையில் பால் காணாமல் போகிறது, அங்கே ஒன்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கே கூட்டம் போட்டு விவாதித்தார்கள். வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

நான் பார்த்துக்கொண்டிருந்ததை இனியா எட்டிப் பார்த்தாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது அவளுக்கு. "அது ஜெபராஜ் அங்கிள்தானே? கேமரா இருப்பது அவருக்குத் தெரியுமா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"உனக்கு நம்ம ஊர் தெரியாது. போய்ப் படி" என்றேன்.

நம்ம ஊர் என்று நான் அழுத்திச் சொன்னதை அவள் கவனித்தாள். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அந்தத் தோள் குலுக்கலும் ஜெர்மன்தான்.

4

கேமரா வந்தபின் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் காப்பியோடு உட்கார்ந்து ஷெட் ஆபீஸைப் பார்ப்பேன். அங்கே உச்சி வெயில் நேரமாக இருக்கும். ஜன்னல் வழியாக வெளிச்சம் மேஜையில் விழும். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே போவான். யாரோ ஒரு பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டுவார்கள். ஜெபராஜ் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். சத்தம் வராது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அடுத்த தடவை படுத்தபோது படத்தை ஓட்டிப் பார்த்தேன். ஜெபராஜ் கீபோர்டில் ஏதோ தட்டுகிறார், எழுந்திருக்கிறார், வெளியே போகிறார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மேஜைக் கம்ப்யூட்டரில் இணைப்பு அறுந்த செய்தி. கண்ணாடியில் பஞ்சுத்தூசி படிந்ததோ என்னவோ படம் சற்று மங்கலாக இருந்தது. அதற்கடுத்த தடவையும் அதே கதை. எழுந்தார், போனார், நின்றது.

"ஏதோ ஒரு புரோகிராமை ஓட விட்டுட்டு, தனக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி எந்திரிச்சுப் போறாருலே."

"அது அவன் டீ குடிக்கப் போற நேரம்க்கா."

"ஒவ்வொரு தடவையும் நிக்கிறதுக்கு முன்னாடி கரெக்டா டீ குடிக்கணும்னு தோணுமோ?"

தம்பி பெருமூச்சு விட்டான். பெட்டி எழுந்தும், பாதியில் அறுந்த கணக்கைச் சரிசெய்ய நேரமாகி அன்றைக்கு லாரி ராத்திரி வரைக்கும் நின்றிருக்கிறது. மறுநாள் ஜெபராஜைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ராஜபாளையம் எம்புட்டு பெரிய ஊர்? ஷெட்டில் செர்வரைக் கெடுத்தவன் என்று ஆள் ஆளுக்குப் பேசினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கேட்டுப் போன ஒரு இடத்திலும், யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். நம்பிக்கையை வைத்துப் பிழைக்கிற தொழில் இது. பேர் கெட்டால் அதோடு முடிந்தது. குழந்தை வேறு வரப்போகிறது. இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அப்போது உறுத்தவில்லை. வேலையை முடித்த நிம்மதிதான் இருந்தது.

அவர் போன பிறகு செர்வர் படுப்பது கூடிப்போனது. வாரத்தில் இரண்டு தடவை.

இதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "போகும்போது உள்ள எதையோ வச்சுட்டுப் போயிருக்காரு" என்றேன். சந்தேகம் எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும் போலிருக்கிறது. ஆள் இருந்தால் ஆள் செய்தது. ஆள் இல்லாவிட்டால் ஆள் விட்டுப் போனது. ஜெபராஜ் எழுதிய ஒவ்வொரு புரோகிராமையும் வரி வரியாகப் படித்தேன். சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் ஒளிக்கவும் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

5

அன்றைக்கும் மத்தியானம் கேன்டீனில்தான் இருந்தேன். கைப்பேசியில் ஷெட் ஆபீஸைத் திறந்து வைத்திருந்தேன். காலி நாற்காலி. திடீரென்று படத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கொஞ்சமல்ல, மேஜையே மறைகிற அளவுக்கு. பக்கத்தில் இருந்த தோழியும் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, புகைலே! ஒயர் தீயுது, மெயினை ஆஃப் பண்ணு!"

"எங்கக்கா?"

"ஆபீஸ் ரூமுக்குள்ளலே!"

அவன் சிரித்தான். "சாம்பிராணிக்கா. இன்னைக்கு கிருத்திகைல்லா."

எனக்கு முகம் சுட்டது. சாம்பிராணிப் புகையில் தலை உணர்த்தி வளர்ந்தவள் நான். புகை என்றால் தீயணைப்பு வண்டிதான் என்று எப்போது மாறினேன்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனில் யாரோ பின்னால் கத்துவது கேட்டது.

"அக்கா, படுத்துருச்சு."

"இப்பவா? நீ இப்ப என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலையே. சாமி கும்பிட்டேன்."

"மெஷினைத் தொட்டியா?"

"நான் எதுக்குக்கா அதத் தொடுறேன்."

"கேமராவை அந்த மூலைப் பக்கம் திருப்பு."

ஏணி வந்தது. படம் ஆடியது. இத்தனை நாள் நான் பார்க்காத மூலை முதல் தடவையாகத் தெரிந்தது. சுவரில் முருகன் படம், கீழே பலகையில் செர்வர். அதன் தலையில் ஒரு முழம் பூ. முகத்தின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"அந்தப் பொட்டை எது மேலலே வச்சிருக்கே?"

"லைட்டு மேலதான். நடுவுல வட்டமா, குழியா, வாகா இருக்குல்லா. நெத்தி மாதிரி."

அது லைட் இல்லை, பெட்டியை நிறுத்துகிற பொத்தான். விளக்கு அதற்குள்ளே இருக்கிறது. தெரியாமல் யார் கையாவது பட்டு நின்றுவிடக் கூடாது என்று, லேசாக அமுக்கினால் கண்டுகொள்ளாதபடி நானே அமைத்திருந்தேன். அதனால்தான் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் விடாமல் அழுத்திப் பிடித்தால் எந்த அமைப்பும் தடுக்காது. பாதி வரியில் நின்றுவிடும்.

"அமுக்கி வச்சியா?"

"சந்தனம் ஒட்டணும்லா. வச்சுட்டு விரலை எடுக்காம கண்ணை மூடி செத்த நேரம் வேண்டிக்கிடுவேன்."

"என்னன்னு?"

"படுத்துறக் கூடாதுன்னுதான்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். இடி இடித்து முதல் தடவை படுத்தது அல்லவா, அதிலிருந்துதான் என்றான். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் வைத்தான். ஜெபராஜ் போன பிறகும் நிற்கவில்லை என்றதும் பயந்துபோய்ச் செவ்வாய் வெள்ளியும் சேர்த்துக்கொண்டான். அவனைக் காலண்டரை எடுத்துவரச் சொல்லி, என்னிடம் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அமாவாசை என்றான். கிருத்திகை என்றான். அமாவாசை என்றான். ஒன்றுகூடத் தப்பவில்லை. என் மடிக்கணினியில் உலகத்தின் எல்லா வாரமும் இருந்தது, இது மட்டும் இல்லை.

படுத்ததை எழுப்ப அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்த வழி, சுவரில் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவது. ஆகவே அந்த வட்டம் எதற்கு என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாரும் தொடவில்லை என்று எல்லாரும் சொன்னதும் பொய்யில்லை. சாமி கும்பிடுவதை மெஷினைத் தொட்ட கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்புறம்தான் அந்தக் காலி நாற்காலி ஞாபகம் வந்தது.

6

ஜெபராஜுக்கு நானே போன் செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்" என்றார். "ரெண்டு மூணு தடவையிலேயே தெரிஞ்சுபோச்சு. பூசை முடிஞ்சதும் எல்லாரும் சுண்டல் வாங்கப் போயிருவாக. நான் வந்து சந்தனத்தைத் துடைச்சுட்டுப் பட்டனை அமுக்குவேன். சரியாப்போயிரும்னு பாத்தேன். அவிய அடுத்த தடவை இன்னும் பெரிசா வச்சாக."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்றீங்க? அண்ணாச்சி அம்புட்டுப் பக்தியா வச்ச பொட்டு. அதனாலதான் கெடுதுன்னு நான் போய் நிக்கணுமா? வேற எவன் சொன்னாலும் அது மெஷின் பேச்சு. சர்ச்சுக்குப் போற நான் சொன்னா, வேதக்காரன் நம்ம சாமியச் சொல்லிட்டான்னு ஆயிரும். பூசை நேரத்துல எடஞ்சலா நிக்கக் கூடாதுன்னுதான் டீயத் தூக்கிக்கிட்டு வெளிய போறதே."



"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் மேல பல்பு மாதிரி ஒண்ணு வந்துச்சு. பல்பு எதுக்கு என் சீட்டைப் பாத்து இருக்குன்னு யோசிச்சேன். பொறவு, யார்கிட்ட எதச் சொல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அதைச் சரியாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இங்கே தோள் இடித்தால்கூட ஒரு நாளைக்கு இருபது தடவை மன்னிப்பு என்கிறோம். ஊர்ப்பேச்சில் அந்த வார்த்தை பெரிதாக, யாரோ மேடையில் பேசுவது மாதிரி இருந்தது. அவர் திரும்ப வருவதற்கு ஒன்றே ஒன்று கேட்டார். கேமராவைக் கழற்ற வேண்டும்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமேக்கா. இன்னைக்கு இவன் இல்ல, நாளைக்கு வேற எவனாவது."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அது போகக்கூடாது என்றுதான் இருந்தது. காலைக் காப்பிக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் எப்படி உட்காருவது? ஊரை நான் பார்க்கலாம், ஊர் என்னைப் பார்க்காது. அந்தச் சௌகரியம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

"கழட்டிருலே" என்றேன். அவன் கை படத்தை முழுக்க மறைத்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

7

பெட்டிக்கு இப்போது பொட்டு பக்கவாட்டில் வைக்கிறார்கள். செர்வர் படுப்பதில்லை. மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். ஜெபராஜ் வேலைக்கு வந்துவிட்டார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செர்வரைக் கெடுத்தது யாரென்று தம்பி தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்து அந்தப் பேரைத் துடைத்துவிட்டான்.

ஆனால் சாயங்காலமானால் எனக்கு ஜெபராஜிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. யாரும் அவரை அனுப்பச் சொல்லவில்லை. கிண்டல் இல்லை, சிரிப்புப் படம் இல்லை. டேட்டாபேஸ் பேக்கப் எடுத்தேன், டீ குடிக்க வெளியே போகிறேன், திரும்பி வந்தேன், மெஷின் ஓடுகிறது, கதவைப் பூட்டிச் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அன்றன்றைக்குத் தான் அறைக்குள் இருந்ததற்கும் இல்லாததற்கும் கணக்கு ஒப்பிக்கிறார்.

முதல் வாரம் பொறுத்தேன். அப்புறம் தாங்காமல், "ஜெபராஜ், இதெல்லாம் எனக்கு எழுத வேண்டாம், உங்களை நம்புகிறேன்" என்று அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வர நேரமானது.

"இருக்கட்டும் மேடம்" என்று எழுதியிருந்தார்.